20,000 ரூபாய்க்குத் தோல் வாடை

சில மாதங்களுக்கு முன் டெல்லியில் ஒரு கூட்டம் முடித்துத் திரும்பும்போது விமானம் தாமதம். இரண்டரை மணி நேரம் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வாசனைத் திரவியக் கடை. நான் வாங்குகிற ஆள் இல்லை என்பது என் செருப்பைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் அந்தக் கடைப் பெண் மரியாதையாகக் கூப்பிட்டார். ஒரு வெள்ளைக் காகிதக் கீற்றில் கொஞ்சம் அடித்து, விசிறி, என் கையில் கொடுத்தார். "இது லெதர் சார். யூனிசெக்ஸ். ஆண், பெண் யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனா எல்லாருக்கும் செட் ஆகாது. போல்டான பர்சனாலிட்டிக்குத்தான்."

முகர்ந்து பார்த்தேன். முதலில் ஏதோ பழ வாசனை. அதற்கு அடியில் ஒரு புகை. அதற்கும் அடியில், சந்தேகமே இல்லை, தோல். பதப்படுத்தி, காயவைத்து, தேய்த்து முடித்த தோல். விலை கேட்டேன். 50 மில்லி குப்பி 20,000 ரூபாய்க்கும் மேல்.

சிரிப்பு வந்தது. இந்த வாடைக்காகத்தான் என்னை மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள்.

என் அப்பா வேலூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். முதலில் சுண்ணாம்புக் குழி, பிறகு டிரம். உப்புப் போட்டு வந்து இறங்கும் பச்சைத் தோலை ஊறவைப்பது, முடி கழற்றுவது, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டுவது, பிறகு குரோம் கலந்த தண்ணீரில் சுற்றவிடுவது. சாயங்காலம் வந்ததும் வீட்டுக்குப் பின்னால் போய்த்தான் நிற்பார். அம்மா இரண்டு குடம் தண்ணீரும் அரை எலுமிச்சம் பழமும் வைத்திருப்பார். புளி போட்டும் தேய்ப்பார்கள், சீயக்காயும் போடுவார்கள். சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார்கள். ஆனால் எங்கள் வீடு ஓர் அறை. அந்த அறையில்தான் அப்பாவும் படுத்தார், என் பள்ளிக்கூடச் சட்டையும் ஆணியில் தொங்கியது.

வகுப்பு ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. மூக்கைச் சுருக்கினார், அவ்வளவுதான். "நீ ஜன்னல் பக்கம் போய் உட்காரு, காத்து வரும்" என்றார். ஜன்னல் பக்கம் கடைசி பெஞ்சு. நாற்பது பிள்ளைகளும் அந்த மூக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு நடத்திய பாடம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பாடம் மட்டும் நினைவில் இருக்கிறது.

ஆகவே இந்தக் கட்டுரை ஒரு சென்ட் குப்பியைப் பற்றியது என்று நினைக்காதீர்கள். ஒரே வாடை ஓர் இடத்தில் 'பர்சனாலிட்டி' ஆகவும், இன்னோர் இடத்தில் சாதி ஆகவும் எப்படி ஆகிறது என்பதைப் பற்றியது.

*

அந்தக் குப்பியின் பெயர் டஸ்கன் லெதர். டாம் ஃபோர்டு என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் பெயரில் வருகிற விலை உயர்ந்த வரிசையில் 2007இல் வெளியானது. டஸ்கனி என்பது இத்தாலியில் உள்ள ஒரு பகுதி. ஃபுளோரன்ஸ் நகரம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதித் தோல் உலகப் புகழ். 2013இல் டிரேக் என்ற ராப் பாடகர் தன் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கே இந்த சென்டின் பெயரை வைத்தார். டாம் ஃபோர்டு நிறுவனத்தை எஸ்டே லாடர் வாங்குவதாக 2022இல் அறிவித்தபோது அதற்குப் போட்ட மதிப்பு 280 கோடி டாலர். இவ்வளவு பெரிய சந்தையில் இந்தக் குப்பிக்கு ஒரு தனி இடம் உண்டு.

இதை விமர்சனம் செய்கிறவர்கள் எல்லோரும் போடுபவரின் ஆளுமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். துணிச்சலானவர், யாருக்கும் அடங்காதவர், அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டியவர். ஆணா பெண்ணா என்பது முக்கியமில்லை, 'தான் யார்' என்று தெரிந்தவர்.

தோல் வாசனைக்கு இந்த மரியாதை புதிதும் அல்ல. 1919இல் பாரிஸில் கரோன் என்ற நிறுவனம் 'டபாக் ப்ளோன்' என்று ஒரு சென்ட் கொண்டு வந்தது. தோலும் புகையிலையும் கலந்த வாசனை. அன்றைக்குப் பொது இடத்தில் சிகரெட் பிடிக்கத் தொடங்கியிருந்த பெண்களுக்காக. ஆண்களின் வாசனையை எடுத்துப் பூசிக்கொள்வது ஒரு விடுதலைப் பிரகடனம் போல. 1920களில் ஷனெல்லும் 'ரஷ்யத் தோல்' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. இன்று யூனிசெக்ஸ் என்று எதை விற்கிறார்களோ அதற்கான விதை அங்கேயே இருக்கிறது. தோல் வாசனை என்றால் சுதந்திரமான ஆள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் படித்தபோது என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மாவும் சில வருடம் அதே தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கினார். பேருந்தில் ஏறினால் முந்தானையால் மூக்கை மூடும் பெண்களுக்கு அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான். ஆண் பெண் பேதம் இல்லாத தோல் வாடையை எங்கள் தெரு ரொம்ப காலத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. அங்கே யாரும் அதை விடுதலை என்று சொல்லவில்லை.

*

இந்தக் குப்பிக்குள் தோல் இல்லை. இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பூவிலிருந்து அத்தர் எடுப்பதுபோல் தோலிலிருந்து வாசனை எடுப்பதில்லை. பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் பட்டையைச் சூடாக்கி எடுக்கும் கரிய தார் ஒன்று உண்டு. ரஷ்யாவில் அந்த மர எண்ணெயைத் தோலுக்குப் பூசிப் பதப்படுத்தினார்கள். அதனால் ஐரோப்பியர் மூக்குக்கு அந்தப் புகை வாசனைதான் தோல் என்று பதிந்துவிட்டது. பிறகு ஆய்வுக்கூடத்தில் ஐசோபியூட்டைல் குயினோலின் போன்ற வேதிப்பொருட்கள் வந்தன. இவற்றோடு குங்குமப்பூ, ராஸ்பெர்ரி, சாம்பிராணி வகை வாசனைகளைச் சேர்த்து மூளையில் 'தோல்' என்ற எண்ணத்தை உண்டாக்குகிறார்கள்.

அதாவது மாடு இல்லை. உப்பு இல்லை. சுண்ணாம்புக் குழி இல்லை. குழிக்குள் முழங்கால் வரை நிற்கிற ஆள் இல்லை. அந்த ஆளைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் 20,000 ரூபாய்.

இதை வெள்ளைக்காரன் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. நம்மூரிலேயே இதைவிட நேர்த்தியாகச் செய்திருக்கிறோம். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பசு, எருமை, ஆடு என்று மூன்று தோல்கள் சேர்ந்தால்தான் அந்த நாதம். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, வார் பிடித்துக் கட்டுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். வாசித்துப் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனர்கள். டி.எம். கிருஷ்ணா இதை ஆராய்ந்து 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் ஒரு நூல் எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மடியில் வைத்துக்கொள்ளத் தோல் வேண்டும், கைவைத்துத் தட்டத் தோல் வேண்டும். அது யார் கையிலிருந்து வந்தது என்று மேடையில் பேசினால் மட்டும் அரங்கம் கிடைக்காது. அதே தோலைப் பறையில் கட்டி நாம் அடித்தால், அது சாவுக்கு அடிக்கும் தீட்டு.

*

இங்கே ஒரு நண்பர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தோழர், நாற்றம் நாற்றம்தானே? தோல் பதனிடும் இடம் உலகம் முழுக்க நாறத்தான் செய்யும். அதில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லலாம்.

பிரான்சின் தெற்கே கிராஸ் என்று ஒரு சிறு நகரம். இன்று உலக வாசனைத் திரவியங்களின் தலைநகரம் என்று அழைக்கப்படுகிற ஊர். அந்த ஊரின் வாசனைத் திரவியக் கலையை 2018இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊர் தொடக்கத்தில் எதற்குப் பேர் போனது தெரியுமா? தோல் பதனிடுவதற்கு. எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மாதிரி. அங்கே செய்த கையுறைகளில் அடித்த வாடையைப் பெரிய இடத்துப் பெண்களால் தாங்க முடியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் கையுறைக்கு வாசனை ஏற்றும் பழக்கம் இத்தாலியிலிருந்து பிரான்சுக்குப் பரவியது. 1533இல் ஃபுளோரன்ஸிலிருந்து பிரான்சுக்கு மணமுடித்து வந்த கேத்தரின் தெ மெதிச்சி அந்தப் பழக்கத்தைப் பிரபலமாக்கியதாகச் சொல்வார்கள். தோலின் வாடையை மறைக்க மல்லிகையும் ரோஜாவும் பயிரிட்டார்கள். கையுறை செய்கிறவர்களுக்குக் 'கையுறை-வாசனைத் திரவியக்காரர்' என்ற பட்டமே வந்தது. பிறகு வரியும் போட்டியும் சேர்ந்து தோல் தொழிலை ஒழித்தன. வாசனைத் தொழில் மட்டும் நின்றது. 1747இல் தொடங்கிய கலிமார் என்ற நிறுவனம் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கிறது. அதைத் தொடங்கியவரும் அந்தக் கையுறை-வாசனைத் திரவியக்காரர் சங்கத்தைச் சேர்ந்தவர்தான்.

கவனியுங்கள். அங்கும் தோல் நாறியது. அங்கும் பணக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஐரோப்பாவில் தோல்காரர்களை ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் வைத்த நகரங்கள் ஏராளம். செத்த விலங்கின் தோலை உரிப்பவர்களைக் கேவலமாக நடத்திய ஊர்களும் உண்டு. ஐரோப்பா சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கிராஸில் தோல் தொழிலில் இருந்தவன் வாசனைத் தொழிலுக்கு மாற முடிந்தது. வாடை தொழிலோடு ஒட்டியிருந்தது. தொழில் மாறியதும் வாடையும் போய்விட்டது.

நம்மூரில் என்ன ஆனது? ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் போட்டுத் தோல் பதனிடும் நுட்பம் இங்கே நூற்றாண்டுகளாக இருந்தது. மதராஸிலிருந்து போன பதப்படுத்திய தோலுக்கு லண்டனில் தனிப் பெயரே உண்டு. கிராஸில் பிறந்த கை நுட்பத்துக்கு இந்தக் கை நுட்பம் ஒரு மாற்றும் குறைந்ததில்லை. ஆனால் இந்தக் கைக்கு யாரும் பட்டம் தரவில்லை. தொழிலை விட்டவனையும் வாடை விடவில்லை. நான் சட்டம் படித்தவன். என் மகள் பிறந்ததிலிருந்து ஒரு பச்சைத் தோலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தபோது, ஒரு வீட்டுக்காரர் என் ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டு, "சமையல் வாடை எங்களுக்கு ஆகாது, தப்பா நினைக்காதீங்க" என்றார். அன்றைக்கு நாங்கள் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. சட்டி இல்லாமலே வாடை வருகிறதென்றால், அது மூக்கில் இருந்து வருகிற வாடை இல்லை.

இது இந்தியாவில் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். ஜப்பானில் தோல் தொழிலும் மாட்டுத் தொழிலும் செய்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்தார்கள். புராக்குமின் என்று அவர்களைச் சொல்கிறார்கள். 1871இல் சட்டப்படி அந்த இழிவை நீக்கினார்கள். ஆனாலும் 1922இல் அவர்கள் தங்களுக்கென்று சுய்ஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பிறப்பைத் தொழிலோடு எங்கே கட்டிவைத்தார்களோ, அங்கே வாடையும் ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. எங்கே கட்டவில்லையோ, அங்கே கழுவினால் போய்விட்டது. நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

*

தமிழில் 'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நல்ல சொல். பழைய இலக்கியத்தில் பூவுக்கும் நாற்றம் உண்டு. ஆண்டாள் கற்பூரத்தின் மணத்தையும் தாமரையின் மணத்தையும் கேட்டது 'நாறு' என்ற சொல்லை வைத்துத்தான். பிறகு அந்தச் சொல் கீழே இறங்கிவிட்டது. 'வாசனை' மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இன்று நாற்றம் என்றால் மூக்கைப் பிடிக்க வேண்டும். சொற்களுக்கும் ஊர் உண்டு, சேரி உண்டு போலிருக்கிறது.

வாசனை யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதிலும் முறை வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்துக் கல்யாணங்களில் வாசலில் ஒரு மேசை. அதில் சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளிப்பார்கள். என் தாத்தா அந்தக் கல்யாணங்களுக்கு விறகு பிளக்கப் போனார், பந்தல் போடப் போனார். வாசல் வழியாக ஒருமுறையும் போனதில்லை. அவர் செத்தபோதுதான் அவர் நெற்றியில் தாராளமாகச் சந்தனம் பூசினோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. அப்பாவின் தொழிற்சாலை முதலாளி குடும்பம் முஸ்லிம் குடும்பம். சாதி இந்துக்கள் தோலைத் தொட மறுத்த காலத்தில் அந்த வியாபாரத்தைக் கையில் எடுத்தவர்களில் அவர்களும் உண்டு. பெருநாளன்று அந்த வீட்டுப் பெரியவர் வேலைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் புறங்கையில் அத்தர் தடவுவார். அப்பாவின் கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு தடவுவார். அன்று முழுக்க அப்பா அந்தக் கையைக் கழுவ மாட்டார். கூலி அதனால் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கையுறையும் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கு தனி. ஆனால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கையைத் தொட்டு வாசனை தடவுவதை அப்பா அந்த ஓரிடத்தில்தான் பார்த்தார். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

*

இப்போது எங்கள் பிள்ளைகளைப் பாருங்கள். காலனியிலிருந்து கல்லூரிக்குப் போகிற பையன்கள் பாடி ஸ்பிரே இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. சட்டைக்கு மேலேயும் அடிப்பார்கள், உள்ளேயும் அடிப்பார்கள். பேருந்தில் ஏறினால் அவர்களுக்கு முன்னால் அந்த வாசம் ஏறும். அதையும் கேலி செய்கிறார்கள். சினிமாவில் கேலி, மீமில் கேலி. 'ஓவர் சென்ட்' என்று ஒரு பட்டம்.

அப்பன் மேல் வாடை அடித்தால் மூக்கைப் பொத்துகிறீர்கள். மகன் சென்ட் அடித்தால் பல்லைக் காட்டுகிறீர்கள். இவன் எப்படி இருந்தால்தான் உங்கள் மூக்குக்குச் சம்மதம்?

அவன் ஏன் இவ்வளவு அடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். நானும் அடித்திருக்கிறேன். முதல் வேலைக்கு நேர்முகத் தேர்வு போனபோது, கழிப்பறையில் நின்று இரண்டு அக்குளையும் முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் அடித்துவிட்டு உள்ளே போனேன். சட்டப் புத்தகத்தில் எதைக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். பயம் அதில் இல்லை. எதிரே இருப்பவர் மூக்கைச் சுருக்கிவிடுவாரோ என்பதுதான் பயம். பணக்காரன் தன் ஆளுமையைக் காட்ட வாசனை போடுகிறான். நம் பிள்ளை தன் மேல் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிற ஓர் ஆளுமையை அழிக்க வாசனை போடுகிறான். இரண்டும் ஒரே குப்பியிலிருந்து வந்தாலும் ஒரே செயல் இல்லை.

ஆகவே, சென்ட் ஆடம்பரம், அதைப் புறக்கணியுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் டையும் போட்டது ஆடம்பரத்துக்காக இல்லை. எந்த உடம்பு அரை வேட்டியோடு குனிந்து நிற்க வேண்டும் என்று சொன்னார்களோ, அந்த உடம்பு நிமிர்ந்து நின்று காட்டியது. நம் பிள்ளைகள் நல்ல துணி போடட்டும். நல்ல வாசனையும் போடட்டும். ஆனால் எதையோ மறைப்பதற்காகப் போட வேண்டாம். மறைக்க வேண்டிய குற்றம் எதையும் நாம் செய்யவில்லை.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. பாலாற்றில் இருக்கிறது. தோல் கழிவால் அந்த ஆறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பு பாடம். நானும் அதைப் படித்துத்தான் தேர்வு எழுதினேன். தீர்ப்பு வந்து பதினெட்டு வருடத்துக்கும் மேல் கழித்து, 2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுச் சேறு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் நள்ளிரவில் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்த வாடையை ஏன் யாரும் குப்பியில் பிடிக்கவில்லை?

2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அதற்குப் பிறகு அங்குள்ள தலித்துகள் செத்த மாடுகளை எடுக்க மறுத்தார்கள். சிலர் அவற்றைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலிலேயே போட்டார்கள். சில நாட்களிலேயே ஊர்கள் நாறத் தொடங்கின. எந்த வாடையை இத்தனை காலமும் நம் உடம்பின் குணம் என்று சொன்னார்களோ, அது தங்கள் வீட்டு மாட்டிலிருந்துதான் வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதுவரை அதை நாம் சுமந்துகொண்டிருந்தோம்.

*

விமான நிலையத்திலிருந்து அந்தக் காகிதக் கீற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த அன்று அக்கா மகனும் வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கீற்றை வாங்கி முகர்ந்தவன் துள்ளிவிட்டான். "மாமா, இது டஸ்கன் லெதர்! நான் இதோட காப்பி வெச்சிருக்கேன். ஆன்லைன்ல 450 ரூபா." பையிலிருந்து எடுத்துக் காட்டினான். கையில் அடித்துக்கொண்டு தாத்தாவிடம் ஓடினான். "தாத்தா, மோந்து பாரு. இன்னா வாசனை சொல்லு பாப்போம்."

அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலடா. தண்ணி மாதிரி கீது."

அப்பாவுக்கு வாசனை தெரிந்து பல வருடம் ஆயிற்று. குழம்பு அடிபிடித்தால் தெரியாது. கேஸ் கசிந்தால் தெரியாது. அது குரோமால் வந்ததா, சுண்ணாம்புக் குழியிலிருந்து கிளம்பும் வாயுவால் வந்ததா, வயதால் வந்ததா என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. எழுதித் தந்தால் யாராவது ஈடு கொடுக்க வேண்டியிருக்கும். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் மூக்கையோ நுரையீரலையோ யாரும் சோதித்ததில்லை. ஊரெல்லாம் அவர் மேல் வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்தியது. உண்மையில் மூக்கை இழந்தவர் அவர்தான்.

அக்கா மகனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இது தோல் வாசனை தாத்தா" என்றான் மெல்ல. அப்பா சிரித்தார். "இதுக்கா காசு குடுத்து வாங்குன? நான் சும்மாவே எடுத்தாந்தனே."

அந்தச் சிரிப்போடு நிறுத்திவிட முடியாது. எனக்கு மூன்று கேள்விகள் உண்டு. நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கும், செய்து ஓய்ந்தவர்களுக்கும், மூக்கு, நுரையீரல், தோல் பரிசோதனை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகச் செய்து, அதன் அறிக்கையை அவர்கள் கையில் கொடுக்க அரசுக்கு என்ன தடை? ஒப்பந்தத் தொழிலாளி, வெளிமாநிலத் தொழிலாளி என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

பெற்றோரின் தொழிலைச் சொல்லியோ, உடம்பு வாடையைச் சொல்லியோ ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பது தீண்டாமை என்று ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்க எவ்வளவு செலவாகும்? மூக்கைச் சுருக்கியதற்கு எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூக்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இதைப் படிக்கும் சாதி இந்து நண்பர்களுக்கு. உங்கள் கைப்பை தோல், காலணி தோல், கார் இருக்கை தோல், சபாவில் கேட்கும் நாதம் தோல். இப்போது சென்ட்டும் தோல். இவ்வளவு தோலை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டும் உங்களுக்குத் தீட்டு வரவில்லை. அப்படியென்றால் எங்கள் தெருவுக்குள் வரும்போது மட்டும் உங்கள் மூக்கு எதை முகர்கிறது?

பதில் உங்களுக்கே தெரியும். அந்த மூக்கைத்தான் முதலில் கழுவ வேண்டும்.

ஜெய் பீம்.